ஜொகூர்க் காற்பந்துக் கழகம்: வெற்றியும் வேரும்

அயர்லாந்து நாட்டில் கேலிக் காற்பந்து என்றோர் ஆட்டம் உண்டு. அணிக்குப் பதினைவர் ஆடும் அவ்வாட்டத்தில் பந்தைக் காலால் உதைக்கலாம்; கையாலும் ஏந்திச் செல்லலாம். 1884ஆம் ஆண்டில் தர்லஸ் என்னும் ஊரில் தோன்றிய சங்கமே இன்றளவும் அதனைப் பேணி வருகின்றது. அதன் ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறுவதில்லை. ஒருவர் தாம் பிறந்து வளர்ந்த ஊரின் கழகத்துக்கு ஆடுவதே அங்கு மரபு. ஆகவே, அம்மக்களுக்குக் கழகம் என்பது ஊரின் மறுபெயர். இந்த அளவுகோலை மனத்திற் கொண்டு, நம் ஜொகூர் மாநிலத்தின் காற்பந்துக் கழகத்தை ஈண்டு நோக்குவோம்.

மலேசியக் கிண்ணப் போட்டி 1921ஆம் ஆண்டில் தொடங்கியது. பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றின் மாலுமிகள் வழங்கிய கிண்ணமே அதற்கு வித்து. அக்கிண்ணத்தை ஜொகூர் மாநில அணி முதன்முறையாக 1985ஆம் ஆண்டில் கோலாலம்பூரை வென்று கைப்பற்றியது. 1991ஆம் ஆண்டில் லீக் வாகையையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. அவ்விரண்டாண்டு நினைவுகளும் முதியோர் உள்ளத்தில் இன்றும் பசுமையாக உள்ளன.

மாநில அணியோடு வேறொரு கழகமும் வளர்ந்து வந்தது. 1972ஆம் ஆண்டில் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தின் அணியாக அது தோற்றம் பெற்றது; பின்னர் ஜொகூர் எஃப்சி எனப் பெயர் கொண்டது. ஒரே மாநிலத்தில் இரண்டு அணிகள் இயங்கியமையால் ஆற்றலும் பொருளும் பிரிந்தன. பட்டத்திளவரசர் துங்கு இஸ்மாயில் 2012ஆம் ஆண்டில் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைமையை ஏற்றபின் இந்நிலை மாறியது. 2013ஆம் ஆண்டில் ஜொகூர் எஃப்சி, ஜொகூர் டாருல் தக்சிம் என்னும் புதுப்பெயர் பூண்டது. அவ்வாண்டே எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தானிடம் ஒரு கோலில் தோற்றது. அத்தோல்வி அதனைத் தளர்த்தவில்லை. 2014ஆம் ஆண்டில் சூப்பர் லீக் வாகையைச் சூடிய கழகம், 2024-2025ஆம் பருவம் வரை தொடர்ந்து 11 முறை அதனைத் தக்கவைத்தது. 2022ஆம் ஆண்டில் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் ஆகிய மூன்றும் அதன் வசமாயின.

நாட்டு எல்லைக்கு அப்பாலும் அதன் புகழ் பரவியது. 2015ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் கழகத்தை 1-0 என வென்று ஏஎஃப்சி கிண்ணத்தைக் கைப்பற்றியது. தென்கிழக்காசியக் கழகம் ஒன்று அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை. 2019ஆம் ஆண்டில், அதற்கு முந்திய ஆண்டின் ஆசிய வாகையரான ஜப்பானின் கஷிமா கழகத்தை லார்க்கின் அரங்கில் வீழ்த்தியது. 2022ஆம் ஆண்டில் தென்கொரியாவின் உல்சானை இருமுறை வென்று, ஆசிய வாகையர் போட்டியில் தன் பிரிவின் முதலிடத்தைப் பெற்றது.

இவ்வெற்றிகள் ஒருநாளில் விளைந்தவை அல்ல. நிலையான நிருவாகம், பயிற்சிக்கூடங்கள், இளையோர் அணிகள், இஸ்கண்டார் புத்ரியில் 2020ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராகிம் அரங்கம் ஆகியன இவற்றுக்கு அடித்தளம். பெரும்பொருளும் அயல்நாட்டு ஆட்டக்காரரும் துணைநின்றனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. துஷான்பேயில் வெற்றிக் கோலை அடித்த வெலாஸ்கெஸ் அர்ஜென்டினா நாட்டவர்.

இவ்விடத்தில்தான் அயர்லாந்தின் அளவுகோல் நம்மை வினவுகின்றது: ஊதியம் பெறுவோரும் அயலாரும் ஆடும் கழகம் எவ்வாறு ஊரின் கழகம் ஆகும்? பார்வையாளர் மேடையின் ஆரவாரம் ஒரு விடை. ஆயினும் அதுவே முழு விடையாகாது. ஊர்ப்பிள்ளை ஒருவன் அம்மேடையிலிருந்து இறங்கித் திடலுக்குள் செல்ல வழியுண்டா என்பதே உண்மையான சோதனை.

நம் சமுதாயத்துக்கு இவ்வினா மிக நெருக்கமானது. ஒருகாலத்தில் ஜொகூரின் தோட்டங்களில் லயத்து வீடுகளை அடுத்துத் திடல் இருந்தது. பால்வெட்டு முடிந்து, மாலை வெயில் தணிந்ததும் இளைஞர் அங்குத் திரண்டனர். தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த போட்டிகளில் ஆட்டக்காரர் உருவாயினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது வீடு கிடைத்தது, திடல் கிடைக்கவில்லை. இவ்விழப்பைக் கணக்கில் எழுதியவர் எவருமிலர்.

எனினும் வழி அடைபட்டுவிடவில்லை. நெகிரி செம்பிலான் அணியில் பெயர் பெற்று, 2010ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய வாகை சூடிய தேசிய அணியிலும் இடம்பெற்ற எஸ். குணாளன், பின்னர் ஜொகூர்க் கழகத்தில் பல்லாண்டு ஆடினார். திறனும் ஒழுங்கும் உள்ள இளைஞனுக்குக் கதவு திறக்கும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அக்கதவு வரை மாணவனை அழைத்துச் செல்வோர் வேண்டும். அப்பொறுப்பு பள்ளித் திடலிலேயே தொடங்குகின்றது.

எனவே, தமிழாசிரியப் பெருமக்கள் மாலை வேளையில் ஒரு மணி நேரம் பந்தைத் திடலில் உருளச் செய்வாராக. கிண்ணங்களைக் கழகம் வெல்லட்டும். அக்கழகத்துக்கு வேர்களை நாம் வளர்ப்போம்.