சந்தாதாரர், வாசகர், பின்தொடர்பவர்

எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் இடையே உள்ள உறவைச் சொல்லத் தமிழில் பல வார்த்தைகள் புழங்கி வந்திருக்கின்றன. ரஸிகர், அபிமானி, வாசகர், சந்தாதாரர். இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்திருப்பது 'பின்தொடர்பவர்'. முன்பெல்லாம் பின்தொடர்கிறவர்கள் குருமார்களுக்கும் கட்சித் தலைவர்களுக்கும் இருந்தார்கள். கவிஞனுக்கு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. முகநூலும், இன்று எக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்ட ட்விட்டரும் வந்த பிறகு, இரண்டு கவிதை எழுதியவனுக்கும் பின்தொடர்பவர்கள் உண்டு; அவர்கள் எத்தனை பேர் என்பது அவன் பெயருக்குப் பக்கத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது.

இந்த எண்ணைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள்தாம் கேட்கின்றன. எண் பெரிதாக இருப்பதே எழுத்தின் மதிப்பு என்பது ஒன்று. எண்ணைப் பற்றி நினைப்பதே இலக்கியத் துரோகம் என்பது மற்றது. இரண்டுமே சரித்திரம் தெரியாத பேச்சு என்று எனக்குப் படுகிறது. எழுத்தாளன் ஆள் தேடிப் போவது புதிதல்ல. ஒவ்வொரு காலத்திலும் அவன் கையில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது, அந்தக் கணக்கில் போலியும் கலந்திருக்கிறது. போலியிலிருந்து மெய்யை எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

1

அச்சுப் புத்தகத்துக்கு முதலீடு கிடைக்காத காலத்தில், அச்சேறும் முன்பே வாங்குவதாக வாக்களிப்பவர்களைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் இதன் பெரிய வெற்றி அலெக்ஸாண்டர் போப்புடையது. 1715 முதல் 1720 வரை ஆறு பாகங்களாக வந்த அவருடைய இலியட் மொழிபெயர்ப்புக்கு, பாகத்துக்கு ஒரு கினி வீதம் கொடுக்க 575 பேர் முன்வந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டன. பிரபுக்களும் மந்திரிகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். போப்புக்குச் சுமார் ஐயாயிரம் பவுன் கிடைத்தது. பிரபு ஒருவரின் தயவில் வாழாமல் பேனாவினால் வாழ முடியும் என்று காட்டியதில் இந்தப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அந்தப் பட்டியல் வாசகர் பட்டியல்தானா? பட்டியலில் தன் பெயரைப் பார்ப்பதற்கென்றே பணம் கொடுப்பவன் எந்தத் தேசத்திலும் உண்டு. கினி கொடுத்தவன் இலியட்டைப் பிரித்தானா என்பதைப் பட்டியல் சொல்லாது. எழுத்தாளனுக்குச் சோறு போடுவதற்கு அது உதவியது. அதற்கு மேல் அதனிடம் சாட்சி கேட்க முடியாது.

தமிழில் இதற்குக் 'கையொப்பம்' என்று பெயர். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையொப்பம் சேர்த்துத்தான் அச்சுச் செலவுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பதிப்பின் சரித்திரத்தில் கையொப்பமிட்ட பிரமுகர்களைவிட முக்கியமான வேறு ஒரு கூட்டம் உண்டு. கும்பகோணத்தில் இருந்த ஜைனர்கள். அவர்களுக்குச் சிந்தாமணி பாராயண நூல். தலைமுறை தலைமுறையாகப் படித்தும் கேட்டும் வந்தவர்கள். ஜைன சமயப் பரிபாஷை புரியாமல் தவித்த ஐயருக்கு அவர்கள் வீடுகளில்தான் விளக்கம் கிடைத்தது. எந்தப் பதிப்பாசிரியரும் தேடி வருவதற்கு முன்பே அந்தப் புத்தகத்துக்கு வாசகர்கள் இருந்தார்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம். அவர்களுக்கு எண் கிடையாது. பதிப்பாசிரியரின் சந்தேகத்தைத் தீர்க்கும் திராணி இருந்தது.

கையொப்பமிட்டவர், சந்தேகம் தீர்த்தவர் என்ற இந்த இரண்டு வகையும் பின்னால் வந்த எல்லாக் காலங்களிலும் தொடர்ந்து இருந்திருக்கின்றன. முதல் வகையை எண்ணுவது சுலபம். அதனால் எண்ணியவர்கள் எல்லோரும் அதையே எண்ணினார்கள்.

2

1928-இல் எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கியதிலிருந்து தமிழில் இன்னொரு விதமான கணக்கு ஆரம்பமாகிறது. ஆயிரக்கணக்கில் விற்பது. கல்கியின் எழுத்து அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முப்பதுகளில் நடந்த குறுக்கெழுத்துப் போட்டிகளும் ஒரு காரணம். பரிசுக்காகப் பத்திரிகை வாங்கியவன் கதையையும் படித்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம். விற்பனைக் கணக்கில் அவனும் ஒன்று, கதைக்காக வாங்கியவனும் ஒன்று. அதே முப்பதுகளில்தான் 1933-இல் ஆரம்பித்த மணிக்கொடி, 1935-க்குப் பின் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைப் பத்திரிகையாகி, பணமுடையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1948-இல் இந்தியாவில் பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்ய ஏ.பி.ஸி. என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. பத்திரிகைகள் சொல்லும் எண்ணை விளம்பரதாரர் நம்ப முடியாமல் போனதால் வந்த ஏற்பாடு இது. தணிக்கை செய்யப்பட்டது அச்சாகி விலைபோன பிரதியே தவிர, படிக்கப்பட்ட பக்கம் அல்ல. எண் யாருக்காக எண்ணப்படுகிறது என்பது இங்கே வெளிச்சமாகிவிடுகிறது. விளம்பரம் கொடுக்கிறவனுக்காக எண்ணப்பட்ட எண் அது. எழுதுகிறவன் அதைத் தன் பெருமையாக எடுத்துக்கொண்டது அவனுடைய அறியாமை.

3

இந்தச் சூழ்நிலையில் 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைக் கொண்டுவந்தார். அதன் ஆரம்பத்தில் அவர் செய்த அறிவிப்பு ஒன்று பத்திரிகை உலகம் அதுவரை கேட்டிராதது. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பது அது. கடையில் தொங்கவிடுவதை நம்பாமல், சந்தா கட்டித் தேடி வருகிறவனை நம்பிய பத்திரிகை. இரண்டாயிரம் என்ற வரம்பை மீறும் ஆபத்து கடைசி வரை ஏற்படவே இல்லை என்பதைச் சொல்லிப் பலர் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. எத்தனை பேர் வேண்டும் என்று கேட்காமல், எத்தனை பேருக்கு மேல் போனால் பத்திரிகையின் குணம் மாறிவிடும் என்று கேட்ட முதல் ஆசிரியர் செல்லப்பா.

அதற்காக அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாசகன் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. எழுத்துப் பிரசுரப் புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். ஒரு கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் வாங்கினால் அதுவே லாபம். இதை இலக்கியவாதியின் பரிதாபமாகச் சித்திரிப்பது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் பரிதாபம் தெரியவில்லை. தன்னுடைய வாசகன் யார், அவன் முகம் எப்படி இருக்கும், எதைப் படித்துவிட்டு எதைக் கேட்கிறான் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த வழி அது. எண் கையில் இல்லாத குறையை அவர் நடந்து தீர்த்துக்கொண்டார்.

அப்படிக் கிடைத்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் கவிதை அனுப்பினார். திருகோணமலையிலிருந்து, இருபதை ஒட்டிய வயதில் இருந்த தருமு சிவராமு எழுதினார். வடக்கே மத்திய அரசாங்க வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதன் 1960-இல் உள்ளே வந்தார். திருவனந்தபுரத்தில் நகுலன். ந. பிச்சமூர்த்தி போன்ற மூத்தவர்களோடு இவர்களும் சேர, 1962-இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு 24 கவிஞர்களின் 63 கவிதைகளோடு வந்தது. சில நூறு பேரிடம் போன ஒரு பத்திரிகை மூன்றே வருஷத்தில் ஒரு கவிதை இயக்கத்தைக் காட்ட முடிந்தது என்றால், போனவர்களில் கணிசமானவர்கள் பதில் சொன்னார்கள் என்பதுதான் காரணம். பாராட்டாக அல்ல, எழுத்தாகவே பதில் சொன்னார்கள்.

இன்னொன்றும் உண்டு. இவர்களில் ஒருவரும் இன்றைய அர்த்தத்தில் செல்லப்பாவைப் பின்தொடரவில்லை. அவருடைய அலசல் விமர்சன முறையை வெங்கட் சாமிநாதன் தன் பாதையாகக் கொள்ளவில்லை. எழுத்தில் எழுதிய சி. மணி சேலத்தில் 1968-இல் 'நடை' வருவதற்கு முக்கிய காரணமானார். எழுத்து 119 இதழ்களோடு நின்ற அதே 1970-இல் சென்னையில் வேறு இளைஞர்கள் 'கசடதபற'வைத் தொடங்கினார்கள். 1978-இல் வெங்கட் சாமிநாதனின் 'யாத்ரா', 1988-இல் சுந்தர ராமசாமியின் 'காலச்சுவடு'. செல்லப்பாவின் மெய்யான வாசகர்கள் அவரிடமிருந்து விலகித் தனித்தனிக் கடை போட்டவர்கள்தாம். ஜைனர்கள் ஐயருக்குச் செய்ததற்குச் சமமான காரியம் இது. நூலை எழுதியவனுக்கோ பதிப்பித்தவனுக்கோ தெரியாததை வாசகன் கொண்டுவருவது.

4

இந்தப் பின்னணியில் இன்றைய எண்ணைப் பார்க்கலாம்.

2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ், டெவூமி என்ற அமெரிக்கக் கம்பெனியைப் பற்றி எழுதியது. ட்விட்டரில் பின்தொடர்பவர்களைக் காசுக்கு விற்ற கம்பெனி. விற்கப்பட்டவர்கள் மனிதர்கள் அல்ல, இயந்திரக் கணக்குகள். அவற்றில் பல, உயிரோடு இருக்கும் மனிதர்களின் பெயரையும் படத்தையும் திருடி உண்டாக்கப்பட்டவை. 2019-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்தக் கம்பெனி மீது எடுத்த நடவடிக்கை 25 லட்சம் டாலர் அபராதத் தீர்ப்பில் முடிந்தது. போலிப் பின்தொடர்பவர்களுக்கு வந்த ஆர்டர்கள் 58,000-க்கும் மேல் என்றது ஆணையம். வாங்கினவர்கள் யார் யார் என்று சொல்லும்போது நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், பாடகர்களோடு எழுத்தாளர்களையும் அது சேர்த்துச் சொன்னது. படிக்க முடியாத ஒன்றைத் தன் வாசகனாக ஓர் எழுத்தாளன் விலைக்கு வாங்கியிருக்கிறான். கினி கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொண்ட பிரபு இப்போது எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. 2018 ஜூலையில் ட்விட்டர் முடக்கப்பட்ட கணக்குகளைக் கழித்தபோது பிரபலங்கள் பலரின் எண் ஒரே நாளில் சரிந்தது. 2024-இல் இப்படி வாங்குவதையும் விற்பதையும் தடை செய்யும் விதியையே அமெரிக்க ஆணையம் கொண்டுவந்துவிட்டது.

இந்த மோசடியைத் தடை செய்துவிடலாம். எனக்குக் கவலை தருவது மோசடி இல்லாத எண். சந்தாவுக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. வருஷம் முடிந்ததும் சந்தாதாரர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், இந்தப் பத்திரிகை எனக்கு இன்னும் வேண்டுமா என்று. புதுப்பித்தால் அது ஒரு தீர்ப்பு, புதுப்பிக்காவிட்டால் அதுவும் ஒரு தீர்ப்பு. ஆசிரியருக்கு இரண்டும் தெரிந்துவிடும். பின்தொடர்வதற்கு முடிவுத் தேதி இல்லை. ஒரு முறை விரலால் தொட்டவன், பிறகு படிப்பதை நிறுத்திவிட்டாலும், செத்தே போனாலும், கணக்கில் இருந்துகொண்டே இருப்பான். தானாகக் குறையத் தெரியாத எண்ணிலிருந்து எழுத்தாளன் எதைக் கற்றுக்கொள்ள முடியும்? தவிர, அவன் எழுதியது பின்தொடர்பவனுக்கு எட்டுகிறதா என்பதும் நிச்சயமில்லை. எதை யாருக்குக் காட்டுவது என்பதைக் கம்பெனியின் இயந்திரம் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம், ஏ.பி.ஸி. காலத்தைப் போலவே, விளம்பரதாரரை மனதில் வைத்து எடுக்கப்படுவது.

முகநூலிலும் ஒரு வரம்பு உண்டு. நண்பர்கள் 5,000 பேருக்கு மேல் கூடாது. செல்லப்பாவின் இரண்டாயிரம் ஒரு ஆசிரியனின் விமர்சனத் தீர்மானம். இந்த ஐயாயிரம் இயந்திரத்தின் நிர்வாக விதி. அது நிரம்பியதை விசேஷமாக அறிவித்துக்கொள்கிற எழுத்தாளர்களை நான் பார்க்கிறேன். அடுத்த படைப்பு எதை நோக்கிப் போக வேண்டும் என்பதை அவர்களில் சிலருக்கு அந்த ஐயாயிரம் பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று முந்நூறு பேர் விரும்பிய வரியை இன்று மறுபடி எழுதுகிறார்கள். நஷ்டம் இங்கேதான். போலிக் கணக்கு எழுத்தாளனின் பெயரைக் கெடுக்கும். இந்த மெய்யான கணக்கு அவன் எழுத்தைக் கெடுக்கிறது.

5

இதற்கு மாற்றாக நம் வட்டத்தில் சொல்லப்படும் பதில் எனக்கு உவப்பானதல்ல. 'எனக்கு ஐம்பது பேர் போதும்' என்பது அந்தப் பதில். ஸ்தாந்தாலின் 'காதலைப் பற்றி' 1822-இல் வெளிவந்து, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பதினேழு பிரதிகள்தாம் விற்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். தன்னை 1880 வாக்கில்தான் புரிந்துகொள்வார்கள் என்றும் சொன்னார். அவர் ஸ்தாந்தால், அது பலித்தது. ஆனால் பதினேழு பிரதி விற்ற புத்தகமெல்லாம் அறுபது வருஷம் கழித்துப் புரிந்துகொள்ளப்படும் என்று ஒரு விதி கிடையாது. குறைந்த எண்ணைப் பதக்கமாக மாட்டிக்கொள்வதும் எண்ணுக்கு அடிமையாவதுதான். வெகுஜனப் பத்திரிகைக்காரன் பெருக்கிப் பார்த்ததை நாம் வகுத்துப் பார்க்கிறோம், அவ்வளவே.

என்னிடமும் ஒரு பக்கம் இருக்கிறது, அதில் ஒரு எண்ணும் இருக்கிறது. அதை மூடிவிட்டுக் காட்டுக்குப் போக எனக்கு உத்தேசமில்லை. திருகோணமலையிலிருந்து எழுதிய அந்த இளைஞனைப் போன்ற ஒருவன் இன்று இருந்தால் இந்த வழியாகத்தான் வருவான். அவனுக்குத் தபாலட்டை தெரியாது. ஆனால் அவனைக் கண்டுகொள்ள எண் உதவாது. புதுப்பிக்கிறானா, பதில் சொல்கிறானா என்ற இரண்டு பழைய சோதனைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. போன வருஷம் படித்துவிட்டு இந்த வருஷமும் கேட்டு வாங்கிப் படிக்கிறவர்கள் யார்? நாம் எழுதியது தவறு என்று காரணத்தோடு எழுதுகிறவர்கள் யார்? அவர்களுடைய பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் ஒரு பக்கம் நிரம்பாமல் போகலாம். நிரம்பாத அந்தப் பக்கத்தைப் பார்க்கும் தைரியம் நமக்கு இருக்க வேண்டும். அதை நிரப்ப, செல்லப்பா போல, ஆளைத் தேடிப் போகும் உழைப்பும் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே ஒரு கடிதம், ஒரு புத்தகம், ஒரு சண்டை. நாளைக்கு அவர்களில் சிலர் நம்மை விட்டுப் போய்த் தங்கள் பத்திரிகையை ஆரம்பிப்பார்கள். அப்போது நாம் அவர்களுக்குச் சந்தா கட்ட வேண்டும்.