திருப்போரூர் முதல் வேலூர் வரை: கிராமத்து முதுமை மறதியை அளந்த வரலாறு

தமிழகக் கிராமங்களில் முதுமை மறதி எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்பதை எண்ணால் அறிய முயன்ற முன்னோடி ஆய்வுகளில் ஒன்று, மாமல்லபுரத்தை அடுத்த திருப்போரூர் வட்டாரத்தில் நடந்தது. எஸ். ராஜ்குமார், எஸ். குமார், ஆர். தாரா ஆகியோர் 60 வயதைக் கடந்த 750 பேரிடம் ஆய்வு நடத்தி, 3.5 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா எனப்படும் இந்நோய் இருப்பதாக 1997இல் வெளியிட்டனர்.   

இத்தகைய எண்கள் நோயை மட்டும் காட்டுவதில்லை. கேட்கப்பட்ட கேள்வியையும் சேர்த்தே காட்டுகின்றன. 1975இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய எம்.எம்.எஸ்.இ. என்னும் நினைவாற்றல் சோதனையில் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், பின்னிக் கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் நாற்று நட்டே காலம் கழித்த மூதாட்டி, நினைவு தெளிவாக இருந்தாலும் இதில் தோற்கக்கூடும். கோவளத்தில் மீன் விற்கும் பெண்மணி, யார் எவ்வளவு கடன் சொல்லிப் போனார் என்பதை நோட்டில் எழுதாமலே மனத்தில் வைத்திருப்பார். அந்தத் திறனுக்கு இச்சோதனையில் மதிப்பெண் இல்லை.

இதே தடை லத்தீன் அமெரிக்க மக்களிடமும் இருந்தது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினரான லத்தீனோ முதியோரிடையே 1998இல் தொடங்கிய ‘சால்சா’ ஆய்வும் மொழி, குறைந்த பள்ளிப்படிப்பு ஆகிய இரண்டையும் எதிர்கொண்டது. அதே 1998இல் கொச்சியில் நடந்த அல்சைமர் மாநாட்டையொட்டி 10/66 ஆய்வுக்குழு பிறந்தது. டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அப்பெயரின் பொருள். இக்குழு முதியவரிடம் மட்டும் பேசி நிறுத்தவில்லை. வீட்டாரிடமும் தனியாக விசாரித்தது. படிப்பின் குறை நோயாகத் தோன்றாதபடி மதிப்பீட்டையும் சரிசெய்தது.

2008இல் ‘லான்செட்’ இதழில் வந்த இக்குழுவின் முடிவுகள் சென்னை, வேலூர் கிராமங்கள், கியூபா, டொமினிகன் குடியரசு, பெரு, வெனிசுலா, மெக்சிகோ, சீனா ஆகிய இடங்களை ஒரே அளவுகோலால் ஒப்பிட்டன. அமெரிக்க மனநல மருத்துவத்தின் டி.எஸ்.எம். 4 வரையறைப்படி கியூபாவில் 6.3 சதவீதம், வேலூர் கிராமங்களில் வெறும் 0.3. குழுவின் சொந்த முறைப்படியோ எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை.

இந்த இடைவெளிக்குக் காரணம் நம் வீடுகளில்தான் இருக்கிறது. டி.எஸ்.எம். 4, அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும் என்கிறது. மருமகள் சமைக்கிறாள், மகன் ரேஷன் கடைக்குப் போகிறான். தாத்தாவுக்குத் திண்ணைதான் இடம். அவர் எதைச் செய்ய முடியாமல் போனார் என்று கேட்டால், “வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்பார்கள். பாசத்தோடு கவனிக்கும் குடும்பமே, தன்னையறியாமல், நோயை மறைத்துவிடுகிறது. திருப்போரூரின் 3.5 சதவீதத்தையும் இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2023இல் வெளியான ‘லாசி-டாட்’ தேசிய ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. பெண்களிடமும் கிராமத்தாரிடமும் விகிதம் கூடுதல்.

இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் இவற்றுக்காகவும் வீடு வீடாகச் செல்கின்றனர். அதே வருகையில் நினைவைப் பற்றிய சில கேள்விகளை முதியவரிடமும் வீட்டாரிடமும் கேட்கச் செய்ய வேண்டும். அதை அரசு திருப்போரூர் வட்டாரத்திலேயே தொடங்கலாம்.