ஆள் இல்லாத தரைநிலையம்: துணைக்கோளத்தின் குரலை யார் கேட்பது?

பெண்டாங்கில் ராத்திரி 3 மணி. வீட்டில் எல்லாரும் தூக்கம். அந்த நேரத்தில் உங்கள் தலைக்கு மேலே ஒரு சின்னத் துணைக்கோளம் தகவல் அனுப்பிக்கொண்டே கடந்து போகிறது. அதை யார் வாங்குவது?

மலேசியாவுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 2018 ஆகஸ்டு 10-ஆம் தேதி, யுஐடிஎம்சாட்-1 அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. யுஐடிஎம் பல்கலைக்கழக மாணவர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கியது. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர்தான். உங்கள் இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும்.

ஏன் தானியங்கி?

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவது 90 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். ஆனால் பூமியும் சுழல்வதால், கெடா வானத்தில் அது தெரிவது நாளுக்குச் சில முறைதான். ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் சுமார் 10 நிமிடம். தீபாவளியோ நடுராத்திரியோ, அது காத்திருக்காது.

நிலையம் தானாகச் செய்ய வேண்டியவை

• நேரம் கணிப்பது: சுற்றுப்பாதைத் தரவை இணையத்திலிருந்து அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். தரவு பழசானால் கணிப்பும் தவறும்.

• அலைவரிசையைத் திருத்துவது: ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் ஒலி மாறுவதுபோல, 437 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும்.

• தன்னைத்தானே மீட்பது: கரண்டு போய் வந்தால் தானாக எழ வேண்டும். கணினி உறைந்தால் மீண்டும் தொடங்க வேண்டும். இணையம் இல்லையென்றால் பதிவைப் பத்திரமாக வைத்து, பிறகு அனுப்ப வேண்டும்.

கஷ்டமே இந்தக் கடைசி வேலையில்தான். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் எந்த நிலையமும் ஓடும். நம் ஊர் மழையிலும் இடியிலும், ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் ஒரு பலவீனம். அதனால் சிலர் அசையாத ஆன்டெனாவையே வைக்கிறார்கள். சமிக்ஞை கொஞ்சம் குறையும், ஆனால் பழுதாக ஒன்று குறைவு.

ஒரு நிலையம் போதுமா?

போதாது. கிரேக்கத்தில் 2014-ல் பிறந்த சாட்நாக்ஸ் திட்டம், உலகெங்கும் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் நிலையங்களை இணைக்கிறது. வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்தது. ஓரிடத்தில் தவறியதை இன்னோரிடம் பிடிக்கலாம்.

நீங்கள் செய்யலாமா?

ராஸ்பெர்ரி பை மாதிரி சின்னக் கணினி, யூஎஸ்பி ரேடியோ ரிசீவர், ஆன்டெனா இருந்தால் கேட்கத் தொடங்கலாம். இடிதாங்கிப் பாதுகாப்பை மறக்காதீங்க. சமிக்ஞை அனுப்ப வேண்டுமென்றால் எம்.சி.எம்.சி உரிமம் கட்டாயம்.

ஒரு நல்ல செய்தி: கோலாலம்பூரில் அடிவானத்தைக் கட்டடங்கள் மறைக்கும். பெண்டாங்கின் நெல் வயல்களில் வானம் விரிந்து கிடக்கிறது.