அந்த 303 உண்மையிலேயே 303தானா?

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜி.ஹெச். வார்டில் ஒரு ரிமாண்ட் கைதிக்குக் கட்டு மாத்திக்கிட்டு இருந்தேன். காவலுக்கு வந்த போலீஸ்காரர் தோளில் மரக்கட்டை போட்ட பழைய ரைஃபிள். பக்கத்து பெட் தாத்தா, "வெள்ளைக்காரன் துப்பாக்கி டாக்டர். ஜெர்மன்காரனைச் சுட்டது"ன்னார்.

நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். வளர்ந்தது ராஜபாளையம், சிறப்புக் காவல் படையோட 11-வது பட்டாலியன் இருக்கிற ஊர். மரக்கட்டை போட்ட துப்பாக்கி எதுவானாலும் எங்களுக்கு 303தான். ஆனா அன்னைக்கு மேகசின் இடிச்சது.

303 தோட்டாவுக்குப் பின்பக்கம் விளிம்பு வெளியே தள்ளியிருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா அடுக்கே சாயும். அதனால மேகசினோட அடியும் சரிவா இருக்கும். இது டிபன் பாக்ஸ் மாதிரி சதுரம். விளிம்பு தள்ளாத 7.62 தோட்டாவுக்குச் செஞ்சது.

1962 சீனப் போரில் நம்ம சிப்பாய்களில் பலர் கையில் இருந்தது போல்ட் இழுத்துச் சுடற 303தான். அப்புறம் ராணுவம் 7.62-க்கு மாறுது. ஒரே நாளில் எல்லாருக்கும் எஸ்.எல்.ஆர். கொடுக்க முடியாதே! அதனால மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஃபேக்டரி, லீ என்ஃபீல்டு உருவத்தை அப்படியே வச்சு, கூடுதல் அழுத்தம் தாங்கற எஃகில் 7.62 ரைஃபிள் செஞ்சது. முதலில் 2ஏ, பிறகு 2ஏ1. பழசைத் திருத்தினதுன்னு பலர் சொல்றாங்க. இல்லைங்க, புதுசாவே செஞ்சது.

யுகோஸ்லாவியாவிலும் இதே குழப்பம் உண்டு. போரில் சிக்கின ஜெர்மன் மாசர்களில் நாஜி முத்திரையைத் தேய்ச்சு எடுத்துட்டு, தங்க முத்திரையைக் குத்தினாங்க. பிறகு அதே சாயலில் எம்48-னு புதுசாவும் செஞ்சாங்க. ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல அனுபவம் வேணும்.

நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை ஆரம்பிக்கிற இரும்பைப் பாருங்க. கிரீடமும் ஜி.ஆர்.ஐ.யும் இருந்தா ஜார்ஜ் மன்னர் காலம். அசோகச் சிங்கம்னா சுதந்திரத்துக்கு அப்புறம். சிங்கத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணிடாதீங்க, 1950-களில் இஷாப்பூர் 303-ம் செஞ்சது. கூடவே 7.62, 2ஏ1-னு பொறிச்சிருக்கான்னும் பார்க்கணும். (ஊசி போடுறதுக்கு முன்னாடி ஆம்பியூல் லேபிளை முழுசா படிக்கிற மாதிரி!)

போலீஸ்காரர் சிரிச்சுக்கிட்டே அந்த இடத்தைத் திருப்பிக் காட்டினார். சிங்கம், 7.62, 2ஏ1, 1967.

"நம்ம நாட்டுல செஞ்சது தாத்தா"ன்னேன்.

தாத்தா ஒத்துக்கலை. "கிரீடத்தை அழிச்சிருப்பான்"ன்னார்.