பன்னிரண்டு அவுன்ஸ்

தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. கோயிலுக்கு யார் எதனை அளித்தார் என்பதைக் கல் சொல்லும். குடியானவர் அடுப்பில் என்ன வெந்தது என்பதைச் சொல்லாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அடுப்பைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் நம் பாட்டியார் சொல்லக் கேட்டதே.

1940 டிசம்பரில் பெங்களூரில் வானூர்தித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. அதில் வேலை தேடி ஆரணியிலிருந்து வந்தவர் நம் பாட்டனார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மா அரிசி நின்றது. மறு ஆண்டு வங்கத்தில் பஞ்சம். அதில் மாண்டோர் ஏறத்தாழ 15 லட்சம் என்று அரசின் விசாரணைக் குழுவே கணக்கிட்டது. பின்வந்த ஆய்வாளர் சிலர் அதனை இரட்டித்துக் கூறுவர்.

1945 ஆகஸ்டில் போர் ஓய்ந்தது. அடுப்புக்கு மட்டும் அச்செய்தி எட்டவில்லை. அவ்வாண்டு சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் மழை பொய்த்தது. 1946 தொடக்கத்தில், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டாக இருந்த தானிய ரேஷன் 12 அவுன்ஸாகக் குறைக்கப்பட்டது. அதாவது 340 கிராம். சுமார் 1,200 கலோரி. 'போதாதா?' என்று இன்றைய இளைஞர் வினவலாம். பருப்பும் பாலும் காயும் நிறைந்த இலையில் போதும். சோறும் களியுமே உணவாயிருந்த உழைப்பாளி வீட்டில் போதாது.

அனுமதிச் சீட்டின்றி மாகாண எல்லை தாண்டி அரிசி கொண்டுவரலாகாது. ஆயினும் பாட்டியார் ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் வரும்போது, கைக்குழந்தையின் துணி மூட்டைக்குள் இரண்டு படி ஆரணி அரிசி இருக்கும். எல்லையில் சோதனைக்காரர் ஏறினால் குழந்தையைக் கிள்ளி அழவிடுவாராம். சட்டப்படி இது குற்றமே. மத்திய அரசில் எழுத்தராயுள்ள நாம் இதனை எழுதச் சற்றுத் தயங்கினோம். பாட்டியார் சொல்லத் தயங்கியதில்லை.

கோப்புகளிடையே வாழ்பவர் நாம். ஆதலின் ஒன்று நம் கண்ணுக்குத் தப்பவில்லை. ரேஷன் அட்டையின்படி பாட்டியாருக்கும் அதே 12 அவுன்ஸ்தான். ஆனால் பாட்டனாரும் பிள்ளைகளும் உண்டபின் பானையில் மிஞ்சியதே அவர் பங்கு. "சாப்பிட்டாயா?" என்று பாட்டனார் கேட்பார், "ஆச்சு" என்பார். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத விடை அது.

1952 ஜூனில் ராஜாஜி சென்னை மாநிலத்தில் ரேஷனை நீக்கினார். ஆரணியிலிருந்து கடிதம் வந்தது. பாட்டனார் உரக்கப் படித்து முடித்ததும் பாட்டியார் கேட்டது இதுதான்: "அங்கே இனிமேல் அளக்காமலே உலை வைப்பார்களா?"