போத்தல் கள்

போத்தல் கள் என்பது பனை, தென்னை ஆகிய மரங்களின் பாளையில் இருந்து இறக்கிய கள்ளைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, நெடுநாள் கெடாமல் வைத்திருக்கும் பானம் ஆகும். யாழ்ப்பாணத்தில் பனங்கள் இவ்வாறு அடைத்து விற்கப்படுகிறது.

அடைக்கும் முறை

கள்ளில் ஈஸ்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. பாளை சீவியதுமே காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையை எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இது தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும்.

வாய் திறந்த கலயத்தில் வாயு வெளியேறிவிடும். ஆனால் ஓரிரு நாளில் கள் புளித்துக் காடியாகும். நொதிக்கும் கள்ளை அப்படியே போத்தலில் இறுக மூடினால் அழுத்தம் மிகுந்து போத்தல் வெடிக்கக்கூடும். வீட்டில் பீர் தயாரிப்போர் நொதித்து முடிந்த பீரில் அளந்த சர்க்கரை இட்டு, இதே அழுத்தத்தை நுரைக்காகப் பயன்படுத்துவர். கள்ளில் எஞ்சும் சர்க்கரை மரத்துக்கு மரம், வேளைக்கு வேளை மாறுவதால் அவ்வாறு அளந்து அடைப்பது கடினம். எனவே வடிகட்டி, பாஸ்டர் முறையில் சூடாக்கி நொதித்தலை நிறுத்துகின்றனர். புதுக்கள்ளின் மணம் இதில் குறைந்துவிடும் என்பதே இம்முறையின் பெருங்குறை.

சட்ட நிலை

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளதால் கலயமா போத்தலா என்ற வினாவே எழுவதில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் உரிமம் பெற்று இறக்கலாம். அம்மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இதனால் திருத்தணியில் குற்றமாகும் கள் இறக்குதல், எல்லைக்கு அப்பால் உள்ள நகரியில் உரிமத்துக்கு உட்பட்ட தொழிலாகும்.