சோனரஸ்

சோனரஸ் என்பது ஆழ்ந்தும் நிறைந்தும் எழுந்து, எழுப்பிய கை ஓய்ந்த பின்னும் சற்று நின்று அடங்கும் ஒலியையும், அவ்வாறு ஒலிக்கவல்ல பொருளையும் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை. ஒலி எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த இச்சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. மில்டன் 1667இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் போர்க்களத்து ஊதுகருவிகளின் உலோகத்துக்கு இதை அடைமொழியாக்கினார். இரண்டாம் அசையை அழுத்திச் சொல்வது பழைய வழக்கு. முதலசையை அழுத்துவது பின்னர் பரவியது.

அகராதிகள் பல இதற்கு 'உரத்த' என்று பொருள் தருவது பாதி உண்மையே. சந்தைக் கூச்சல் உரத்தது, ஆனால் சோனரஸ் அன்று. தாழ்ந்த குரலில் ஓதப்படும் மந்திரம் மெல்லியதாயினும் அப்பெயர் பெறும். 'கணீர்' என்ற தமிழ்ச் சொல் தெளிவைச் சொல்லி ஆழத்தை விட்டுவிடுகிறது. 'கம்பீரம்' ஒலியைவிட ஒலிப்பவரின் தோரணையையே மிகுதியும் காட்டுகிறது. சீர்காழி கோவிந்தராஜனின் பாட்டைக் கேட்டவர்கள் சொல்லும் 'வெண்கலக் குரல்' என்னும் வழக்கே பொருளால் மிக நெருங்கியது எனலாம்.

அவ்வழக்குக்கு இயற்பியல் அடிப்படையும் உண்டு. பள்ளிப் பாடநூல்கள் உலோகங்களின் பண்புகளுள் ஒன்றாகத் தட்டினால் ஒலிக்கும் தன்மையைக் கூறுகின்றன. அதற்கு ஆங்கில நூல்கள் ஆளும் சொல் இதுவே. விறைப்பான உலோகத்தில் அதிர்வு உள்ளுராய்வால் வெப்பமாகிக் கரைவது குறைவு என்பதால் ஒலி நீள்கிறது. மரத்திலும் ரப்பரிலும் அது உடனே மடிந்துவிடுகிறது. ஏறத்தாழ நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வார்க்கும் மணி வெண்கலம் இவ்வகையில் பெயர் பெற்றது. எனினும் அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், மணி ஓட்டைப் பானைபோல் ஒலிக்கும். எல்லா உலோகமும் இப்படி ஒலிப்பதில்லை. ஈயத்தால் செய்த மணி அறை வெப்பநிலையில் 'தொப்' என்ற ஓசையோடு நின்றுவிடும். அதையே சுமார் −196 பாகை செல்சியசிலுள்ள திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்துத் தட்டினால், உள்ளுராய்வு குறைந்துவிடுவதால், மற்ற மணிகளைப்போல் நின்று ஒலிக்கும்.

உரைநடையைப் பற்றிச் சொல்லும்போது இச்சொல் பாராட்டாகவும் இருக்கலாம், ஓசை மிக்குப் பொருள் குன்றியது என்ற குத்தலாகவும் இருக்கலாம். எது என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும். மருத்துவத்தில் அத்தகைய மயக்கம் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1819இல் வெளியிட்ட நூலில் மூச்சொலிகளை வகைப்படுத்திய முறையைத் தொடர்ந்து, பெரிய மூச்சுக்குழாய்களில் சளி தங்குவதால் குறட்டைபோல் கேட்கும் தாழ்ந்த ஒலிக்கு இந்த அடைமொழி வழங்குகிறது. சீழ்க்கைபோல் கேட்கும் உயர்ந்த ஒலிதான் இன்று வீசிங் எனப்படுவது.

இதே வேரிலிருந்து மொழியியல் உருவாக்கிக்கொண்ட சொல் சோனரண்ட். காற்றோட்டம் தடையுற்று வெடிக்கவோ உரசவோ செய்யாமல், குரல்நாண்களின் அதிர்வோடு இயல்பாக வெளிவரும் ஒலி என்பது அதன் பொருள். ஒலிநிறைவின் அடிப்படையில் ஒலிகளை வரிசைப்படுத்தும் ஏணியை மொழியியலாளர் எஸ்பர்சன் 1904இல் வகுத்தார். உயிர்கள் அதன் உச்சியிலும், ய, ர, ல போன்றவையும் மூக்கொலிகளும் இடையிலும், க, ட, ப போன்ற வெடிப்பொலிகள் அடியிலும் அமைகின்றன. தொல்காப்பியத்தின் மெல்லினமும் இடையினமும் ஏறக்குறைய முழுமையாக இந்தச் சோனரண்ட் வகைக்குள் அடங்குகின்றன. வல்லினத்தில் றகரம் மட்டும் இன்றைய பேச்சில் ரகரத்தோடு கலந்து எல்லை தாண்டி நிற்கிறது. தமிழ்ச் சொல்லின் இறுதியில் வரலாம் என அந்நூல் இசையும் மெய்கள் ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள ஆகிய 11. இவற்றுள் வல்லினம் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் மெய்யோடு முடியும் பஸ் தமிழ்ப் பேச்சில் 'பஸ்ஸு' என உகரம் பெற்று, ஏணியின் உச்சியிலுள்ள உயிரொலியில் முடிவதும் இந்த ஒலிப்பழக்கத்தாலேயே.